மனம் தளர்ந்ததால் அவர் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் முதுமையும் நீண்ட ஆயுளும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் தொடங்கியது. "மனம் தளர்ந்தவர்களே சீக்கிரம் விடைபெறுகிறார்கள்" என்ற வரிக்கு வந்ததும் அதற்குமேல் படிக்க முடியவில்லை. என் கணவர் இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இதையேதான் சொன்னார்கள். "தைரியத்தை விட்டுட்டார்மா, இல்லேன்னா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார்." தெரியாமல் சொன்னவர்களை மன்னித்துவிட்டேன். நீங்கள் படித்தவர்கள், அச்சில் போடுகிறீர்கள்.

அவரைப் போலச் சிரித்த முகத்தை நான் பார்த்ததில்லை. கடைசி வருடத்தில்தான் பேச்சு குறைந்தது. ஒரு பெயரைத் தேடி நடுவில் நின்றுவிடுவார். மருத்துவரிடம் சொன்னோம். "வயசானா இப்படித்தான், உற்சாகமா வெச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார். என் கணவரின் இதயம் பலவீனமாகியிருந்தது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நோய் முதலில் வந்தது, தளர்ச்சி அதன் பின்னால் வந்தது. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

உங்கள் கட்டுரையாளர் எடுத்துக்காட்டும் பெர்லின் ஆய்வு என்ன சொல்கிறது? எழுபதிலிருந்து நூறைத் தாண்டியவர்கள் வரை 516 பேர். நினைவாற்றல், பார்த்துப் புரிந்துகொள்ளும் வேகம், சொல்லறிவு என்று ஒன்பது சோதனைகள். அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் உயிரோடு இருந்தார்கள் என்று சிலரைப் பதினெட்டு ஆண்டுகள் வரைகூடத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆயுளோடு நெருங்கிய தொடர்பு காட்டியது சொற்களைச் சரளமாக எடுத்துச் சொல்லும் திறன். ஒன்றரை நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடிகிறது என்பது போன்ற சோதனை அது. சரி, அதிலிருந்து "தினமும் விலங்குகளின் பெயர்களைச் சொல்லிப் பழகினால் ஆயுள் கூடும்" என்று எப்படி எழுத முடிந்தது? தெர்மாமீட்டரைக் குளிர்ந்த நீரில் முக்கினால் காய்ச்சல் இறங்கிவிடுமா? உடம்பில் எங்கோ தொடங்கிவிட்ட கோளாறு பேச்சில் முன்கூட்டியே தெரிகிறது என்றும் அதற்குப் பொருள் இருக்கலாமே. மரணத்துக்கு முந்தைய காலத்தில் அறிவுச் சோதனை மதிப்பெண்கள் இறங்குவதை 1962-லேயே கிளீமையர் என்ற உளவியலாளர் எழுதிவிட்டார். பேச்சு தடுமாறும் பெரியவரை உடனே பரிசோதிக்கச் சொல்ல வேண்டிய இடத்தில், பயிற்சி செய்யச் சொல்லிவிட்டீர்கள்.

கன்னியாஸ்திரீகள் ஆய்வையும் சொல்லியிருந்தீர்கள். அந்த 180 பேர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதிக் கொடுத்தது இருபதுகளில். மகிழ்ச்சியான வரிகளை அதிகம் எழுதியவர்கள் நீண்ட நாள் இருந்தார்கள், உண்மைதான். இளம் வயதில் எழுதியதை வைத்து, எழுபது வயதில் நோயோடு படுத்திருப்பவரைச் சிரிக்கச் சொல்லலாமா? 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் பிரிட்டிஷ் பெண்களைப் பற்றிய பெரிய ஆய்வு வந்தது. ஏழு லட்சம் பேர், பத்து ஆண்டுகள். உடல்நிலை, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, மகிழ்ச்சியாக இல்லாததே மரணத்தை விரைவுபடுத்தியதாகத் தெரியவில்லை. நோய்தான் மகிழ்ச்சியைக் கெடுக்கிறது என்றார்கள். இது உங்கள் கட்டுரையாளருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

என் நாத்தனாருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. எல்லாவற்றிலும் குறை சொல்வார். ஆனால் மாத்திரை நேரம் ஒரு நிமிடம் தவறாது, படி இறங்கும்போது கைப்பிடியை விடமாட்டார், தான் செலவழித்ததை அன்றன்றே எழுதி வைப்பார். 1921-ல் கலிஃபோர்னியாவில் டெர்மன் என்ற உளவியலாளர் தொடங்கிய ஆய்வில் சுமார் 1,500 சிறுவர் சிறுமியரை முதுமை வரை தொடர்ந்தார்கள். அதிலும் நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் பொறுப்பும் ஒழுங்கும் உள்ள பிள்ளைகள்தான். கலகலப்பான பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் முன்பே போய்விட்டார்கள். இதை ஒரு வரியாவது சொல்லியிருந்தால், உம்மென்று இருக்கும் பெரியவர்களை வீட்டில் யாரும் அதட்டமாட்டார்கள்.

மனத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஒஹையோவில் ஐம்பது தாண்டிய 660 பேரைப் பார்த்த ஆய்வை 2002-ல் பெக்கா லெவி என்ற உளவியலாளர் வெளியிட்டார். முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் ஏழரை ஆண்டுகள் அதிகம் வாழ்ந்திருந்தார்கள். அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது, ஐயா? சுற்றியிருப்பவர்கள் எங்களைப் பற்றிப் பேசுவதிலிருந்தும் நீங்கள் அச்சிடுவதிலிருந்தும் சேர்ந்து வருகிறது. உங்கள் நகைச்சுவைப் பக்கத்தில் பெரியவர் என்றால் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுபவர், மருமகளிடம் திட்டு வாங்குபவர். இதைப் பற்றி முன்பே எழுதினேன். கடிதத்தில் பாராட்டிய முதல் பத்தியை மட்டும் வெளியிட்டீர்கள். ஒரு பக்கத்தில் எங்களைக் கேலிப்பொருளாக்கிவிட்டு, அடுத்த பக்கத்தில் முதுமையை நேசியுங்கள் என்று அறிவுரை சொன்னால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தொடர்பு இருப்பதாலேயே ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்றும், பெரியவர் ஒருவர் புதிதாகச் சொல் தடுமாறினாலோ சோர்ந்துபோனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும் அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். அப்புறம், முதியோர் பக்கத்தை வண்ணப் பின்னணியில் சாம்பல் எழுத்தில் அச்சிட வேண்டாம், படிக்க முடியவில்லை. இடம் போதாமல் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் என் நாத்தனாரைப் பற்றியதை எடுத்துவிடலாம். ஆய்வுகளைப் பற்றி எழுதியதில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி