கடைசிக் கொலைக்குப் பிறகு என்ன நடக்கிறது? – தமிழ்த் திரைக்கதை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரைக்கதை ஆசிரியர்களுக்கும் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

கடலூரிலிருந்து எழுதுகிறேன். பழிவாங்கும் கதை கொண்ட சண்டைப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களில் நானும் ஒருவன். நல்ல படம் என்று கேள்விப்பட்டால் புதுச்சேரி வரை பேருந்து ஏறிப் போயாவது பார்த்துவிடுவேன். ஆகவே, வன்முறை கூடாது என்று அறிவுரை சொல்லும் மடல்களோடு சேர்த்து இதையும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். திரையில் எத்தனை பேர் வெட்டுப்படுகிறார்கள் என்பது என் கவலை இல்லை. அந்த வெட்டுக்கு முன்னும் பின்னும் கதை எந்த வரிசையில் சொல்லப்படுகிறது என்பதைப் பற்றி மட்டுமே உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இன்று புழக்கத்தில் இருக்கும் வார்ப்பை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேறொரு ஊரில், வேறொரு பெயரில், தலை குனிந்து வாழும் ஒருவன். அவன் கை ஓங்கியே தீர வேண்டிய ஒரு சந்தர்ப்பம். அடிபட்டவர்கள் ‘யார் இவன்?’ என்று திகைக்க, இசை உச்சிக்கு ஏறி விழும் இடைவேளை; அதன்பின் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடும் பிளாஷ்பேக்; அதற்குள் ஒரு பாடல், ஒரு பிறந்தநாள், ஒரு படுகொலை; மறுபடி நிகழ்காலம்; சின்ன வில்லன்கள் ஒவ்வொருவராக விழ, கடைசியில் பெரியவர். பார்வையாளரைக் கட்டி வைக்க இந்த வார்ப்பு நம்பியிருப்பது ‘இவன் ஏன் இப்படி ஆனான்?’ என்ற ஒற்றைக் கேள்வியை. அதற்கான விடை பெரும்பாலும் டிரெய்லரிலேயே வெளிவந்துவிடுகிறது. வராவிட்டாலும் பல்லாண்டுகளாக ஒரே விடையைப் பார்த்துப் பழகிய நாங்கள் ஊகித்துவிடுகிறோம்.

ஒரு படத்தின் பிளாஷ்பேக்கில், குழந்தைக்கு நிலாவைக் காட்டித் தாய் சோறூட்டும் காட்சி வந்ததும், பின்வரிசையிலிருந்து ஒருவர், “முடிஞ்சுதுடா இந்தக் குடும்பம்” என்று உரக்கச் சொன்னார், அரங்கமே சிரித்தது. சாகப் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்ததால் அவர்களைக் கல்மனத்தவர்கள் என்று நான் எண்ணவில்லை. அந்தத் தாய்க்கும் குழந்தைக்கும் படத்தில் சாவதைத் தவிர வேறு வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதைக் கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான். (நாயகனின் நண்பராக வரும் நகைச்சுவை நடிகர் தம் கல்யாணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவருக்கும் அதே கதிதான்.) இழப்பை இடைவேளைக்குப் பின்னால் ஒளித்து வைப்பதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. காரணம் தெரிவதற்கு முன்பே பத்துப் பேரை அடித்து வீழ்த்துவதைக் கைதட்டி ரசித்துவிடுகிறோம். பிளாஷ்பேக், செலவு செய்து முடித்த பிறகு கைக்கு வரும் ரசீதைப்போல, அந்தக் கைதட்டலுக்கு நியாயம் எழுதித் தருகிறது. சரியா தவறா என்று எடைபோடும் வாய்ப்பே பார்வையாளருக்குக் கிடைப்பதில்லை.

என் கோரிக்கை இதுதான். நாயகன் பழி வாங்குவானா என்ற கேள்விக்கு விடை, டிக்கெட் வாங்கும்போதே எல்லோருக்கும் தெரியும். வாங்கிய பின் அவனுக்கும், எதிரியின் வீட்டாருக்கும், அந்த ஊருக்கும் என்ன ஆகும் என்பது மட்டுமே உண்மையில் தெரியாத விஷயம். நீங்களோ தெரிந்ததற்கு இரண்டரை மணி நேரத்தையும் தெரியாததற்கு இரண்டு நிமிடத்தையும் கொடுக்கிறீர்கள். அந்தக் கணக்கை மாற்றிப் போட்டு எழுதிப் பாருங்கள்.

இது வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய உத்தி ஒன்றும் இல்லை. சிலப்பதிகாரம் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை, பாடநூல் நினைவை ஒதுக்கிவிட்டு, ஒரு திரைக்கதைபோல நிதானமாகப் பாருங்கள். மொத்தம் 30 காதைகள், அதாவது இயல்கள். கோவலன் கொல்லப்படுவது 16ஆவதான கொலைக்களக் காதையில். அதுவரை பாதி நூலை அவனோடும் கண்ணகியோடும் கழிக்கிறோம்: திருமணம், மாதவியோடு வாழ்ந்த காலம், கடற்கரையில் பாட்டால் வந்த ஊடலும் பிரிவும், சமணத் துறவி கவுந்தியடிகளோடு நடந்த நெடுவழி, ஆயர் சேரியில் கண்ணகி தன் கையால் சமைத்துக் கணவனுக்குப் படைத்த கடைசி உணவு. குறையுள்ள கணவனாகவே கோவலன் நமக்கு அறிமுகமாகிறான். ஆனாலும் அவன் சாவு நம்மை உலுக்குகிறது. குறையே இல்லாதவராக ஒரே பாடலில் காட்டி முடிக்கப்படும் திரைப்படத் தந்தையின் சாவு அப்படி உலுக்குவதில்லை. 20ஆவதான வழக்குரை காதையில் சிலம்பு உடைகிறது, மாணிக்கப் பரல் தெறிக்கிறது, பாண்டியன் தன் தீர்ப்பின் பிழையைத் தானே உணர்ந்து உயிர்விடுகிறான். இன்றைய படமாக இருந்தால் மதுரை எரிவதை ஒரு ஷாட்டில் காட்டிவிட்டு இங்கேயே பெயர்கள் ஓடத் தொடங்கியிருக்கும். நூலில் இன்னும் 10 காதைகள் இருக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு.

அந்த மூன்றில் ஒரு பங்கில்தான் ஆசிரியரின் துணிச்சல் தெரிகிறது. நகர் எரிந்தபின், 23ஆவதான கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகியிடம் ஒரு முன்கதை சொல்கிறது. முற்பிறப்பில் பரதன் என்ற பெயரில் அரசபணியில் இருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனைப் பகைநாட்டு ஒற்றன் என்று சொல்லிக் கொலையுண்ணச் செய்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, சாபமிட்டு, மலையுச்சியிலிருந்து விழுந்து மாண்டாள். உங்கள் பேச்சில் இது பிளாஷ்பேக். ஆனால் பழி முடிந்த பிறகு வருகிறது. கண்ணகியின் சினத்துக்குக் கூடுதல் நியாயம் சேர்க்க அது வரவில்லை. அவள் யாருக்காக நீதி கேட்டாளோ அவனாலேயே இன்னொருத்தி இதேபோல் தலைவிரி கோலமாகத் தெருவில் நின்றாள் என்று சொல்லி, நமக்குக் கிடைத்திருந்த நிம்மதியைக் கலைத்துவிடுகிறது. ஊழ்வினையில் நம்பிக்கை இல்லாதவரும் அந்த முன்கதை வைக்கப்பட்ட இடத்தின் கூர்மையை ஒப்புக்கொள்வார். இதையே முதல் காண்டத்தில் சொல்லியிருந்தால் கோவலனின் சாவு வெறும் கணக்குத் தீர்ப்பாக நின்றிருக்கும்.

நூலின் கடைசிப் பகுதியான வஞ்சிக் காண்டத்தில் பழியின் விளைவுகள் செய்திகளாக வந்து சேர்கின்றன. கோவலனின் தாயும் கண்ணகியின் தாயும் துயரத்தில் மாண்டார்கள், தந்தையர் இருவரும் துறவு பூண்டார்கள், அடைக்கலம் தந்த மாதரி தீயில் விழுந்தாள், மாதவி துறவறம் ஏற்றாள் என்று மாடலன் என்னும் அந்தணன் சேர மன்னன் செங்குட்டுவனிடம் சொல்கிறான். கொற்கையில் இருந்த பாண்டிய மரபினன் வெற்றிவேற் செழியன், ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய்க்காக ஆயிரம் பொற்கொல்லரை ஒரே பகலில் கண்ணகிக்கு உயிர்ப்பலி கொடுத்ததும் அந்தக் காண்டத்தில்தான் வருகிறது. அவர்களுக்கும் சிலம்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதே காண்டம்தான் கண்ணகிக்கு இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கோயில் எடுத்த கதையையும் சொல்கிறது. தெய்வமாகப் போற்றுவதும் விளைவை மறைக்காமல் எழுதுவதும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. நாயகனைக் கொண்டாடாதீர்கள் என்று நான் கேட்பதாக யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஏட்டில் இருப்பது பழங்கதை என்று தோன்றினால், எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் திருவிழாவுக்கு ஒரு முறை வாருங்கள். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரங்களில் நாள்கணக்கில் பாரதம் படித்து, இரவிரவாகக் கூத்தாடி, நிறைவாகப் படுகளம் நடத்துவார்கள். மண்ணால் செய்த துரியோதனன் திடலில் மல்லாந்து கிடப்பான். பத்துப் பேர் சுற்றி நின்றாலும் மறைக்க முடியாத அளவு பெரிய உருவம். பீமன் வேடம் கட்டியவர் தொடையில் அடிக்க, உள்ளே பதித்து வைத்திருந்த சிவப்பு நீர் வழியும். அதைத் தொட்டு, துகிலுரிதல் கூத்தன்று அவிழ்ந்த பாஞ்சாலியின் கூந்தலை முடிப்பார்கள். முடிவு தெரியாதவர் அந்தத் திடலில் ஒருவர்கூடக் கிடையாது. ஆனாலும் கூட்டம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. கவனிக்க வேண்டியது அதன் பிறகு நடப்பதை. துரியோதனன் மனைவியாக வேடமிட்டவர் வந்து அந்த மண்ணுடலின் பக்கத்தில் விழுந்து ஒப்பாரி வைப்பார். சற்று முன் குலவையிட்ட அதே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சில ஊர்களில் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய் வீட்டில் வைத்துக்கொள்வதும் உண்டு. எதிரி விழுந்த பிறகு எதிரிக்காக அழ ஓர் இடம் அந்த நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கிறது. மாலையில் தீமிதி இருப்பதால் யாரும் எழுந்து போவதுமில்லை.

பாரதியார் இதற்கு நேர் எதிரான வழியில் போனார். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் எழுதிய ‘பாஞ்சாலி சபத’த்தை, போர்வரை கொண்டுபோகாமல், சபதம் உரைக்கப்பட்ட இடத்திலேயே நிறுத்தினார். அடிமைப்பட்ட நாட்டில் எழுதப்பட்ட அந்தச் சபதம் காகிதத்துக்கு வெளியே நிறைவேற வேண்டியதாக இருந்தது என்பது என் வாசிப்பு. ஆகச் சிலப்பதிகாரம் பழிக்குப் பின்னும் நெடுந்தூரம் நடக்கிறது. பாரதி பழிக்கு முன்பே நின்றுவிடுகிறார். இருவரில் ஒருவரும் எதிரி விழும் கணத்தில் கதையை முடிக்கவில்லை.

உங்கள் துறையிலேயே இந்த வார்ப்பை வளைத்தவர்கள் இருக்கிறார்கள். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) இழப்பை ஒளித்து வைக்கவே இல்லை. தந்தையை நால்வர் கொல்வது படத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. நமக்குத் தெரிந்தது மகன்களுக்குத் தெரியாது என்ற இடைவெளியில்தான் அதன் விறுவிறுப்பு முழுவதும் தங்கியிருக்கிறது. ‘கஜினி’ (2005) பிளாஷ்பேக்கையே நம்பியிருக்கும் படம். ஆயினும் கல்பனா இறந்துவிட்டாள் என்பதை முன்பே சொல்லிவிட்டு, அவள் பேச்சுக்கும் பொய்க்கும் குறும்புக்கும் தாராளமாக நேரம் கொடுத்ததால், அவள் ஒரு காரணமாகச் சுருங்காமல் ஒரு பெண்ணாக நின்றாள். ‘மகாராஜா’ (2024) இன்னும் ஒரு படி போனது (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடலாம்). ஒரே காலத்தில் நடப்பதாக நாம் நம்பிய இரண்டு இழைகளுக்கு நடுவே பல ஆண்டுகள் இருந்தன என்று தெரியும்போது, வரிசையைக் குலைத்தது வெறும் வித்தைக்காக இல்லை என்பது புரிகிறது. தன் கூட்டத்தின் கொடுமைக்கு ஆளான பெண் தன் சொந்த மகள் என்று வில்லன் அறியும் இடத்தில், நாயகன் கையால் விழும் எந்த அடியும் அந்த அறிதலுக்கு ஈடாகாது. சிலம்பின் பரல் தெறித்தபோது பாண்டியனுக்கு நேர்ந்ததும் அதுதான்.

தயாரிப்பாளர் ஒப்ப மாட்டார் என்பீர்கள். கடைசி வில்லன் சாய்ந்ததும் பாதி அரங்கம் எழுந்து நின்று, செல்போனை உயிர்ப்பித்து, வண்டிச் சாவியைத் தேடத் தொடங்குவதை நானும் பார்க்கிறேன். ஆனால் அதன்பின் அங்கே பார்க்க எதுவும் வைக்கப்படுவதில்லை என்று எங்களுக்குப் பழக்கியவர்கள் நீங்கள்தான். கடற்கரையில் நடக்கும் நாயகன், புகைப்படத்தைப் பார்த்து ஒரு புன்னகை, அடுத்த பாகத்துக்கான ஒரு துணுக்கு என்று இத்தனை ஆண்டுகள் காட்டிவிட்டு, மக்கள் உட்காரவில்லை என்று குறைப்படுவது முறையாகாது.

அடுத்த படத்தின் கதை விவாதத்தில் ஒரே ஒரு முறை, கடைசிக் கொலையை இடைவேளையில் வைத்துப் பாருங்கள். முதல் பாதியில் அந்தக் குடும்பம் சாவதற்காக இல்லாமல் வாழ்வதற்காக வரட்டும். சண்டை போடட்டும், கடன் வாங்கட்டும், நாயகனே அவர்களுக்கு ஏதேனும் துரோகம் செய்திருக்கட்டும். இரண்டாம் பாதி எங்கள் ஊர் கேப்பர் மலை மத்திய சிறையில் தொடங்கலாம். அவனை மனு போட்டுப் பார்க்க யார் வருவார்கள், ஒருவரும் வராத வாரங்களை அவன் எப்படிக் கழிப்பான், வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்ற வராந்தாவில் வில்லனின் மனைவி எந்தப் பக்கத்து பெஞ்சில் உட்காருவாள், அவள் சாட்சி சொல்ல வேண்டிய நாளில் உண்மையைச் சொல்வாளா என்றெல்லாம் எழுத உட்கார்ந்தால், இரண்டாம் பாதிக்கு என்ன வைப்பது என்ற திண்டாட்டம் இருக்காது. அதில் சண்டைக் காட்சிக்கு இடமே இல்லாமல் போய்விடும் என்றும் அஞ்ச வேண்டாம். வில்லனின் மகனுக்கும் வயது ஏறிக்கொண்டுதானே இருக்கும்.

இப்படிக்கு,
கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து
ஒரு பார்வையாளர்