வகுப்பை இறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறேன். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுவான். ஆனால் யாராவது பாடத்தை வாசித்துக் காட்டினால் போதும், கேட்ட கேள்விக்கெல்லாம் பட்டென்று பதில் வரும். காலையில் சில்லறைக் கணக்கு முழுக்க அவன்தான். சயான் மருத்துவமனையில் சோதித்து, டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிக்கத் திணற வைக்கும் கற்றல் குறைபாடு என்று சான்றிதழும் தந்துவிட்டார்கள்.

பள்ளியோ, மூன்றாம் வகுப்பில் உட்கார வைக்கிறேன் என்கிறது. அங்கேதான் அவன் தங்கச்சியும் படிக்கிறாள்! சரி, அங்கே மட்டும் சொல்லித்தரும் முறை மாறிவிடுமா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று அதிலேயே இருக்கிறது. அதைக் கொடுத்து, அவனை ஐந்தாம் வகுப்பிலேயே வைத்திருக்கும்படி கல்வித்துறை பள்ளிக்கு உத்தரவிட வேண்டும்.

ஒரு தாய்,
தாராவி, மும்பை