பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு நன்றி
சியாட்டில் டி-மொபைல் பார்க் பேஸ்பால் மைதானத்தில் நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு இந்த நன்றி. 2001இல் ஊர் அணியான மரைனர்ஸ் ஒரே சீசனில் 116 ஆட்டங்கள் ஜெயித்தபோது நான் இங்கே பள்ளிப் பையன். அந்த அணியின் இச்சிரோ பந்தை அடிக்கும் முன் மட்டையை நீட்டிப் பிடித்துச் சட்டைக் கையை இழுத்துவிடுவதை வீட்டில் செய்து காட்டித் திட்டு வாங்கியவன். அப்புறம் படிப்பு, வேலை, பேஸ்பால் விட்டுப்போனது. நேற்று பார்த்தால் பந்து வீசும் பிட்சருக்குக் கடிகாரமே வைத்திருக்கிறார்கள்!

ஓடுகிறவர்கள் நிற்கும் பேஸ்களில் ஆளில்லாவிட்டால் 15 விநாடிக்குள் வீச வேண்டும் என்று அலுக்காமல் விளக்கினீர்கள், ஐயா. அதோடு உங்கள் ஸ்கோர் அட்டையையும் பென்சிலையும் என்னிடமே கொடுத்துவிட்டீர்கள். மட்டையை வீசாமலே ஒருவர் மூன்றாவது ஸ்ட்ரைக்கில் (அடிக்காமல் விட்ட நல்ல பந்தும் ஒரு ஸ்ட்ரைக்தான்) அவுட்டானால், அந்த அவுட்டைக் குறிக்கும் 'கே' (K) எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போடவேண்டுமாம். அப்படி ஒன்று போட்டதும் எனக்கு வந்த குஷி இருக்கிறதே! எல்லோரும் சேர்ந்து பாடும் ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் நான் பாடியதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வார ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று.