இருட்டில் வரைந்ததைத் திருத்தாதே

அன்பு மகளுக்கு,

பாரிஸில் பாலே ஆட்டம் பார்த்து நீ வரைந்து அனுப்பிய பன்னிரண்டு படங்களும் போன ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தன. போனில் பார்த்தால் கோடு தெரிகிறது, பென்சிலின் அழுத்தம் தெரியவில்லை. அதனால் ரவுணுக்குப் போய் எல்லாவற்றையும் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து வந்து விறாந்தையில் பரப்பி வைத்தேன். அம்மா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி இரண்டு தரம் ஆறிப்போனது.

ஏழாவது படத்திலிருந்து எனக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. மேடையில் ஆடுகிறவர்களை விட்டுவிட்டு, திரைக்குப் பக்கத்தில் தன் முறை வரும்வரை நிற்கிற அந்தப் பிள்ளையை வரைந்திருக்கிறாய். தோள் இரண்டும் தொங்கிவிட்டன. பாரம் முழுவதும் இடது காலில். கழுத்துக் குழியிலிருந்து நேரே கீழே ஒரு நூல் விட்டால் அது அந்தக் குதிகாலில் போய் விழும். சின்ன வயதில் உனக்கு நான் முதலில் சொல்லித்தந்ததே இந்த நூல்தான், ஞாபகமா? இருட்டில், தாளைப் பார்க்காமல், அதை இவ்வளவு சரியாக விட்டிருக்கிறாய். சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்தப் பிள்ளை சாப்பிட்டிருக்காதே" என்றா.

நாலாவதும் அப்படித்தான். பாய்கிற பொடியன், மொத்தம் ஆறேழு கோடு. தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சுழி மட்டும். ஆனால் அவன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறான் என்று எனக்குத் தெரிகிறது.

சரி, இப்போது எனக்கு மனம் ஒப்பாததைச் சொல்கிறேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மூன்றையும் வீட்டுக்கு வந்து மையால் திருத்தி வரைந்ததாக எழுதியிருந்தாய். முகம் வந்துவிட்டது, விரல்கள் ஐந்தும் வந்துவிட்டன, சப்பாத்தின் நாடாகூட வந்துவிட்டது. ஆட்டம் போய்விட்டது, மகள். மூன்று பேரும் படம் பிடிக்க நிற்கிறவர்கள் போல நிற்கிறார்கள்.

பாலே ஆடுகிறவர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் டெகாவும் வீட்டில் வைத்துத்தானே வரைந்தார் என்று நீ கேட்பாய். உண்மைதான். 1873இல் பாரிஸின் பழைய ஒப்பரா எரிந்துபோனது. அடுத்த வருஷமே அந்தக் கட்டடத்துப் பயிற்சி அறை ஒன்றை, அது இன்னும் இருப்பதுபோல, ஓவியமாகத் தீட்டினார். ஆனால் அவரிடம் ஆட்டக்காரப் பிள்ளைகளைத் தன் அறைக்கு வரச்சொல்லி, நிறுத்தி, இருத்தி, முதுகு சொறியவிட்டு வரைந்த தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒரே உருவத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துத் திரும்பத் திரும்ப வரைகிற மனுஷன் அவர். நீ பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, மேல்மாடத்து மலிவு ரிக்கற்றில் ஒரு இரவு பார்க்கிறாய். உன் கையில் இருப்பது அந்த இரவு மட்டும்தான். (அவர் மெழுகில் செய்து 1881இல் காட்சிக்கு வைத்த பதினாலு வயதுச் சிறுமியின் வெண்கல வார்ப்பு ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறதல்லவா, அடுத்த முறை பின்பக்கம் போய் நின்று அந்தக் கைகளைப் பார்.)

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு இருபது வயது இருக்கும்போது நானும் ஆடுகிறவர்களை வரைந்தேன். மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், கன்னன்குடாவில் வடமோடிக் கூத்துப் பழக்குவதாகக் கேள்விப்பட்டு, வலையிறவுப் பாலத்தால் சைக்கிளில் போவேன். கிழமைக்கூத்து என்கிற வாராந்த ஒத்திகைக்கும் போனேன், அடுக்குப் பார்த்த கடைசி ஒத்திகை இரவும் போனேன், அரங்கேற்றம் விடியும்வரை இருந்தேன். சுற்றிவர ஆட்கள் இருந்து பார்க்கிற வட்டக்களரி என்றபடியால் எந்தப் பக்கம் இருந்தாலும் பாதி நேரம் முதுகைத்தான் பார்க்கலாம். நடுவில் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு, சுற்றி ராசா வேஷக்காரர். இடுப்பிலிருந்து கூடு மாதிரி விரிந்து நிற்கிற கரப்பு உடுப்போடு ஒருவர் சுழன்று சட்டென்று நிற்கும்போது உடம்பு நின்றுவிடும், கரப்பு நிற்காது. அது தன் பாட்டில் இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். அந்தக் கொஞ்சத்தைப் பிடிக்க எத்தனை இரவு முயன்றேன் தெரியுமா? உன் இரண்டாவது படத்தில் அந்தப் பெண்ணின் விரிந்த பாவாடை அவளுக்குப் பின்னால் வருகிறதே, அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது.

பாலேயில் பாரம் மேலே ஏறப் பார்க்கிறது. கூத்தில் கீழே இறங்குகிறது, சதங்கை கட்டிய கால் மண்ணைக் குத்தி மிதிக்கிறது. ஆனால் பென்சிலுக்கு இரண்டும் ஒரே கஷ்டம்.

இரண்டு சீ.ஆர். கொப்பி நிறைய வரைந்திருந்தேன். மூலைகளில் எட்டு, வீசாணம், பாய்ச்சல் என்று ஆட்டத்தின் பெயரும் குறித்திருந்தேன். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்தது. விடியும்போது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. கொப்பிகள் கூழாகிக் கிடந்தன. பிறகு நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். அழகாகத்தான் வந்தது, ஆனால் அந்த அண்ணாவியாரிடம் பழகியவர்களின் கால் அதில் இல்லை. அந்த அண்ணாவியாரும் பிறகு போய்விட்டார். அதற்குப் பிறகு நான் ஆடுகிறவர்களை வரையவில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூவும் பானையும் வரையக் கற்றுக்கொடுத்தேன்.

1913இல் நீ இருக்கிற பாரிஸிலேயே வலன்டீன் குரோஸ் என்று ஒரு பெண், ரஷ்ய ஆட்டக்காரர் நிஜின்ஸ்கி அமைத்த 'வசந்தச் சடங்கு' பாலேயை அரங்கத்தில் இருந்தபடியே இருட்டில் கிறுக்கி எடுத்தார். அது சில தடவைகள் மட்டும் ஆடப்பட்டு நின்றுபோனது. ஆட்ட அமைப்பே மறந்துபோனது. பல வருஷம் கழித்து மிலிசென்ட் ஹொட்சன் என்பவர் அதைத் தேடிச் சேர்த்து 1987இல் மறுபடி மேடையேற்றியபோது, யார் எங்கே எப்படி வளைந்து நின்றார்கள் என்பதற்கு அந்தக் கிறுக்கல்களும் கைகொடுத்தன. கொப்பியில் முகங்களை அழகாக்கிவிட்டு வளைவை நேராக்கியிருந்தால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே ஒவ்வொரு தாளின் மூலையிலும் திகதி, எந்த ஆட்டம், எந்த இடத்தில் என்று வீட்டுக்கு வரமுதல், ரயிலில் இருந்தே எழுதிவிடு. கோடு பிழைத்தால் பிழைக்கட்டும், அழிறப்பரை எடுத்துப் போகாதே.

அடுத்த முறை லீவில் வரும்போது, கன்னன்குடாப் பக்கம் எப்போது கூத்து வைக்கிறார்கள் என்று விசாரித்து வைக்கிறேன். இரண்டு பேரும் போவோம். என் கண் இப்போது இரவில் முந்தி மாதிரி இல்லை, நீ வரை, நான் பக்கத்தில் இருந்து ஆட்டத்தின் பெயரைச் சொல்கிறேன்.

அந்த மூன்று படத்துக்கும் அரங்கத்தில் வரைந்த முதல் தாள்களைக் கிழித்து எறியவில்லைதானே? அதை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
அப்பா
மட்டக்களப்பு