பதிவேட்டைப் பார்த்தது போதும், முதுகைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர், மாவட்டச் சமூகநல அலுவலர், இராமநாதபுரம் மற்றும் பரமக்குடி கோட்டாட்சியர்கள் அவர்களுக்கு,

வணக்கம்.

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரையிலும், பாம்பன் தாண்டி இராமேசுவரம் தீவிலும் வயதானவர்களை வைத்துப் பராமரிக்கும் இல்லங்களைப் பற்றியது இந்த மடல். எந்த இல்லத்தின் மேலும் பெயர் சொல்லிப் புகார் கொடுக்க இதை எழுதவில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் பேச்சு.

ஆய்வு என்றால் பதிவுச் சான்று, வருகைப் பதிவேடு, சமையலறை, சுவரில் ஒட்டிய உணவுப் பட்டியல். எல்லாம் பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரத்துக்கு எந்த இல்லமும் சுத்தமாகத்தான் இருக்கும். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வெளுத்த வேட்டி கட்டி வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். உட்கார முடியாதவர்கள் உள்ளே கட்டிலில் போர்வைக்குள் இருப்பார்கள். கவனிப்பு எப்படி என்பதற்கான சாட்சி அந்தப் போர்வைக்கு அடியில் இருக்கிறது.

எனவே முதல் கோரிக்கை: ஆய்வுக் குழுவில் கட்டாயம் ஒரு செவிலியர் இருக்க வேண்டும். திரை மறைப்போடு, அவரவர் சம்மதம் கேட்டு, படுத்த படுக்கையாக இருக்கும் ஒவ்வொருவரையும் அவர் படுக்கைப் புண் இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். முதுகுத்தண்டு முடியும் இடம், இரண்டு இடுப்பு எலும்புகளின் பக்கவாட்டு, குதிகால்கள், முழங்கை, தலையின் பின்புறம், காது மடல். ஒருவருக்கு 3 நிமிடம் போதும். புத்தகத்தில் 'சிவந்து போகும்' என்று போட்டிருப்பதை நம்பி நம் ஊர்த் தோலில் சிவப்பைத் தேடினால் ஏமாந்து போவோம். கறுத்த தோலில் தொடக்கநிலைப் படுக்கைப் புண் சுற்றுத்தோலைவிடக் கருமையாகவோ ஊதாவாகவோதான் தெரியும். தொட்டால் அந்த இடம் மட்டும் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கும், கல் மாதிரி இறுகியோ கொழகொழவென்றோ இருக்கும். அந்த நிலையில் கண்டுபிடித்துவிட்டால் அழுத்தத்தை எடுத்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். எலும்பு தெரியும் அளவுக்குக் குழி விழுந்துவிட்டால் ஆற மாதக் கணக்காகும். சிலருக்கு ஆறுவதே இல்லை.

புண் ஏன் வருகிறது என்பதில் இல்லங்களில் ஏகப்பட்ட தவறான நம்பிக்கைகள். 'ஏர்பெட் போட்டாச்சு, இனி திருப்ப வேண்டாம்' என்பது அதில் முதல். காற்றுப் படுக்கை திருப்பும் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டித் தரும், அவ்வளவுதான். மின்சாரம் போனால் காற்று இறங்கிப் பலகையாகிவிடும். கறுத்த இடத்தை எண்ணெய் விட்டுத் தேய்ப்பது இன்னொன்று. ஏற்கெனவே நசுங்கிய சதையைத் தேய்த்தால் உள்ளே கிழியும். வளையம் போன்ற தலையணை வைப்பதும் தப்பு, வளையத்தின் விளிம்பே ரத்த ஓட்டத்தை நெரிக்கும். குதிகாலுக்குச் செலவில்லாத வழி இருக்கிறது: கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விட வேண்டும். பக்கவாட்டில் திருப்பும்போது செங்குத்தாகக் கிடத்தாமல் முதுகுப் பக்கம் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் படுக்க வைக்க வேண்டும். புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு, டிஞ்சர், ஸ்பிரிட் ஊற்றினால் புதிதாக வளரும் சதையும் சேர்ந்து சாகும். அரை லிட்டர் கொதித்து ஆறிய நல்ல தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு போட்டுக் கழுவினால் போதும்.

'நல்ல தண்ணீர்' என்ற சொல்லை இந்தக் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் இரவு.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஓர் இல்லத்தில் படுத்த படுக்கையாக 10 பேர். ஒவ்வொருவரையும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். முறையாகத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும், ஒருவருக்கு 5 நிமிடம். அதுவே 50 நிமிடம். பாதிப்பேருக்கு டயாப்பரோ துணியோ மாற்ற வேண்டியிருந்தால் தலைக்கு 10 நிமிடம் கூடும், மொத்தம் 100 நிமிடம். 120 நிமிடத்தில் மிச்சம் 20. அதற்குள் ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குக் கழிவறை, ஒருவர் வாந்தி. இரண்டு பேர் இருந்தாலே மூச்சு முட்டும் வேலை இது. ஒரே ஒரு ஆயாம்மா, அதுவும் பகல் முழுக்கச் சமையலில் நின்றவர், இரவில் தனியாக இருந்தால் திருப்புவது நடக்கவே நடக்காது. ஆனால் காலையில் 'திருப்பும் அட்டவணை'யில் 10, 12, 2, 4 என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் டிக் விழுந்திருக்கும். அந்த அம்மாவைத் தண்டிப்பதில் பயன் இல்லை. படுக்கையாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப இரவுப் பணியாளரை நிர்ணயித்து, படுத்த படுக்கையாக எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதை அதை வைத்தே முடிவு செய்யுங்கள். கட்டில் எண்ணிக்கையை வைத்து அனுமதி கொடுத்தால் இந்தக் கணக்கு என்றைக்கும் உதைக்கும்.

இரவில் ஆள் இல்லாததன் அடுத்த விளைவு கட்டிப் போடுவது. இந்த மாவட்டத்துக்கு இதை யாரும் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட வழியில்லாமல் கருகினார்கள். 28 உயிர். மனநலம் பாதித்தவர்களை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சங்கிலி போன இடத்தில் சேலைத் துண்டு வந்து உட்காரும். கட்டில் கம்பியில் துணி உராய்ந்த தடம், மணிக்கட்டில் வட்டமாகக் கறுத்த கோடு, அறைக் கதவுக்கு வெளிப்பக்கத் தாழ்ப்பாள்: இந்த மூன்றையும் தேடுங்கள்.

துணியும் இல்லையென்றால் மாத்திரை. அல்பிரசோலம், லோராசெபம், ஹாலோபெரிடால் போன்ற தூக்க, மனநல மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமலோ, என்றைக்கோ எழுதிய சீட்டை வைத்தோ இரவுதோறும் கொடுப்பது. காலை பதினொரு மணிக்கும் எழுப்ப முடியாத தூக்கம், வாயோரம் எச்சில், விறைத்த கை கால், அடிக்கடி விழுவது எல்லாம் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். மாத்திரைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு அட்டைக்கும் யார் பெயரில், எந்தத் தேதியில் சீட்டு இருக்கிறது என்று ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று திடீரென்று பிதற்றினால், 'வயசாச்சு, புத்தி பேதலிச்சிருச்சு' என்று மாத்திரை போட்டு அடக்குவதுதான் மிக மோசம். ஓரிரு நாளில் வரும் குழப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, நாள்பட்ட மலச்சிக்கல், சர்க்கரை இறங்கியது, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று ஏதாவது இருக்கும். தேட வேண்டியது அதை.

இனி தண்ணீர். கிணற்றிலும் ஆழ்துளையிலும் வருவது பல ஊர்களில் உவர் நீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் முறைவைத்து வரும், மிச்சத்துக்குத் தள்ளுவண்டியில் குடமோ லாரியோ. விலைக்கு வாங்கும் தண்ணீரை இல்லம் சிக்கனம் பிடிக்கும், அது இயல்பு. முதலில் கை வைப்பது கேட்காதவர்களின் பங்கில். முதுமையில் தாகமே சரியாகத் தோன்றாது. போதாக்குறைக்கு, குடித்தால் சிறுநீர் வரும், வந்தால் திட்டு விழும் என்று அவர்களே குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். இதய, சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் அளவு குறித்தவர்கள் தவிர மற்றவர்களுக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர் திரவமாவது உள்ளே போக வேண்டும், சித்திரை வைகாசியில் அதற்கும் மேல். சமையலுக்கும் குடிக்கவும் உவர் நீரையே கொடுத்தால் ரத்தக்கொதிப்பு, இதய வீக்கம் உள்ளவர்களுக்கு உப்பு ஏறும். ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை உவர் நீரில் கரைத்தால் அளவே தப்பிவிடும். ஆய்வில் கேட்க வேண்டியது ஒன்றே: தலைக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிநீர் வாங்குகிறீர்கள், ரசீது எங்கே?

அதே உவர் நீரில் குளியல். சோப்பு நுரைக்காது, தோலில் படிந்து அரிக்கும். அரிப்பெல்லாம் உப்புத் தண்ணீரால்தான் என்று விட்டுவிடுவதால் சொறிப்பூச்சி பரவுவது தெரியாமல் போகும். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குளில் பொரிப்பொரியாக இருந்து இரவில் அரிப்பு கூடினால் சந்தேகிக்கலாம். பெர்மெத்ரின் 5% கிரீமைக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கவும், முதியவர்களுக்கு நெற்றி, தலையோரத்திலும் சேர்த்துப் பூசி 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். எங்கே தவறுகிறது என்றால், அரிக்கிறவருக்கு மட்டும் பூசுவார்கள். அறையில் உள்ள எல்லாரும், பணியாளர் உட்பட, ஒரே நாளில் பூசி, துணியும் விரிப்பும் அன்றே கொதிநீரில் போகாவிட்டால் அடுத்த மாதம் திரும்ப வரும்.

சாப்பாட்டில் பட்டியலைவிட நேரம் முக்கியம். சமையல்காரர் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் இரவுச் சாப்பாடு ஐந்தரைக்கே முடிந்தால், காலை எட்டு வரை 14 மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ மாலையில் போட்டவருக்கு அதிகாலையில் சர்க்கரை இறங்கும். குறிப்பாக கிளிபென்கிளமைடு மாத்திரையின் தாக்கம் முதியவர்களுக்கு நெடுநேரம் நிற்கும். வியர்த்து, நடுங்கி, உளறினால் குளுக்கோமீட்டரில் பார்த்து, 70க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108க்குப் போன். இரவு ஒன்பதுக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் இருந்தாலே இதில் பாதி நடக்காது.

பக்கவாதம் வந்தவருக்கு நீர்த்த கஞ்சியை மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றுவது நுரையீரலுக்குள் ஊற்றுவதற்குச் சமம். நிமிர்த்தி உட்கார வைத்து, கெட்டியாக, சிறு கரண்டியால் கொடுத்து, பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்காமல் இருக்க வேண்டும். ஒருவருக்கு அரை மணி ஆகும். மறுபடியும் ஆள் கணக்குதான். ஆயுள் முழுக்க மீன் தின்ற கடற்கரை ஆட்களுக்குச் சைவம் மட்டும் என்று விதித்தால் பலர் பாதித் தட்டோடு எழுந்துவிடுவார்கள். முட்டையோ மீனோ கூடாதென்றால் பருப்பும் சுண்டலும் பாலும் அந்த அளவுக்குக் கூட வேண்டும். போதுமா என்பதைச் சொல்லும் கருவி எடை மெஷின். மாதம் ஒருமுறை எடை. 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். நிற்க முடியாதவருக்கு மேற்கையின் நடுப்பகுதியை டேப் வைத்து அளந்து எழுதலாம்.

இராமேசுவரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. தீர்த்தமாட அழைத்து வந்து விட்டுப் போகப்பட்டவர்களில் தமிழ் தெரியாதவர்களும் இருப்பார்கள். 'வலிக்கிறது', 'ஒன்றுக்கு வருகிறது', 'தண்ணீர்' ஆகிய மூன்றையும் படம் போட்ட அட்டையாகக் கட்டிலோரம் மாட்டினால் போதும், மொழிபெயர்ப்பாளர் தேட வேண்டாம். மூத்த குடிமக்களைக் கைவிடுவது 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். இல்லத்தில் சேர்க்கும் அன்றே காவல் நிலையத்தில் பதிவு இருந்தால்தான் அந்தப் பிரிவுக்கு உயிர்.

ஓ.ஏ.பி. (முதியோர் உதவித்தொகை) பணத்தை யார் எடுக்கிறார்கள், ஏடிஎம் அட்டை யார் பீரோவில் என்பதையும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணைச் சுவரில் எழுதியிருப்பார்கள். நடக்க முடியாதவருக்கு, போன் இல்லாதவருக்கு அந்தச் சுவர் எதற்கு? ஆய்வுக்கு வருகிறவர் வார்டனை வெளியே நிறுத்திவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஒவ்வொரு இறப்புக்கும் கடைசி மூன்று மாத எடை, புண் விவரம், மருத்துவர் கடைசியாகப் பார்த்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சமூகநல அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரே இல்லத்திலிருந்து புண்ணோடு தொடர்ந்து தாள்கள் வந்தால் அங்கே உடனே போகலாம்.

ஐப்பசி, கார்த்திகை வருமுன் ஒன்று. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு ஆம்புலன்ஸ் தேடினால் கிடைக்காது. படுக்கையாளர் ஒவ்வொருவரையும் தூக்கப் போகும் இரண்டு பேர் யார், எந்த வண்டி, எந்த மேட்டுக் கட்டடம் என்று இப்போதே பெயரோடு எழுதி வாங்குங்கள். 7 நாள் மருந்து, சீட்டின் நகல், மாற்று டயாப்பர் ஆகியவை தலைக்கு ஒரு பையில், பெயர் எழுதி. இன்சுலினுக்கு ஈரமணலில் பதித்த மண்பானை.

முதல் ஆய்வை நள்ளிரவு 2 மணிக்கு, முன்னறிவிப்பு இல்லாமல் வையுங்கள். எங்களில் யாரைக் கூப்பிட்டாலும் வருகிறோம். டார்ச் லைட்டும் கையுறையும் எங்களிடமே இருக்கின்றன.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடலோர ஊர்களில் படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்கள், பராமரிப்பு உதவியாளர்கள்