விளைமீனுக்கு 35 நிமிடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிழமைகளுக்கு முன் உங்கள் ஞாயிறு இதழோடு வந்த மகளிர் இணைப்பின் கடைசிப் பக்கத்தில், வெண்ணெயும் மூலிகை இலைகளும் சேர்த்து வெள்ளை மீனை வெதுப்பும் முறை ஒன்று வெளியாகியிருந்தது. முள் நீக்கிய கொட் அல்லது ஹடொக் துண்டுகள், பார்ஸ்லி, தைம், எலுமிச்சை. 220 பாகைச் சூட்டில் 35 நிமிடம். அதை எழுத்துக்கு எழுத்து நம்பிச் சமைத்த வாசகன் நான். ஒரு நல்ல விளைமீன் வீணாகியது. மீன் போனது போகட்டும், அந்த 35 நிமிடம் இன்னும் எத்தனை குசினிகளில் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

மகளிர் இணைப்பை ஆண்பிள்ளை ஏன் படித்தான் என்று கேட்பீர்கள். என் மனைவிக்கு இரைப்பையில் புண். உறைப்பும் புளியும் ஆகாதென்று வைத்தியர் சொல்லி எட்டு மாதமாகிறது. தூள் போடாத குழம்பை அவள் இரண்டு நாள் சாப்பிட்டாள், மூன்றாம் நாள் கோப்பையைத் தள்ளிவைத்தாள். ‘ஆஸ்பத்திரிச் சாப்பாடு’ என்பது அவளுடைய தீர்ப்பு. ரொறன்ரோவிலிருந்து வந்த மகள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன மேசை வெதுப்பி ஒன்று, துணி போர்த்தியபடி, வானொலிப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு மூலையில் இருந்தது. தூளும் புளியும் கேட்காத உங்கள் குறிப்பைக் கண்டதும் வானொலியை இறக்கி வைத்தேன்.

முதல் சிக்கல் மீனின் பெயரில் வந்தது. கொட்டும் ஹடொக்கும் வட அத்திலாந்திக்கின் குளிர்ந்த நீரில் வாழ்பவை. எங்கள் பாசையூர் மீன்சந்தையில் எத்தனை மணிக்குப் போய் நின்றாலும் அவை கரைக்கு வரப்போவதில்லை. எங்கள் அயல்வீட்டுத் தங்கச்சியும் அதே பக்கத்தைப் படித்திருக்கிறாள். ‘வெள்ளை மீன்’ என்றால் தோல் வெள்ளையான மீன் என்று எண்ணி, வெள்ளிபோல் மின்னிய பாலமீன் ஒன்றை வாங்கிவிட்டாள். பாலமீனின் தசைக்குள் மயிர்போல் எத்தனை முள் ஓடுகிறதென்பது தின்றவருக்குத் தெரியும். அவளுடைய பிள்ளைகள் அன்று பாணும் பருப்பும் சாப்பிட்டார்கள். சமையலில் வெள்ளை மீன் என்பது தோலின் நிறத்தைக் குறித்த சொல் அல்ல. கொழுப்பைத் தசையில் பரப்பி வைக்காமல் பெரும்பாலும் ஈரலில் சேர்த்து வைக்கும் மீன், வெந்தால் வெள்ளையாக மடல் மடலாகப் பிரியும் மீன் என்பதே பொருள். சிறுவயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கிய மீனெண்ணெய் அந்தக் கொட்டின் ஈரலிலிருந்து எடுத்ததுதான். இந்தச் சமையலுக்கு நம் கடலில் விளைமீன் இருக்கிறது, கலவாய் இருக்கிறது, கொடுவா இருக்கிறது. இந்த மூன்று பெயரையும் அச்சிட ஒரு வரி போதும். (அறக்குளாவை இதற்கு எடுக்க வேண்டாம். அது குழம்புக்கென்றே பிறந்த மீன்.)

நான் கொழும்புத்துறைவாசி, பாசையூர்ச் சந்தை சைக்கிளில் ஐந்து நிமிடம். ஏலம் கூறி முடிந்த கையோடு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான விளைமீன் ஒன்று வாங்கினேன். விலையை எழுதினால் என் ஓய்வூதியத்தைப் பற்றி உங்களுக்குத் தப்பான எண்ணம் வரும். வெட்டித் தரும் தம்பி வழக்கம்போல் குறுக்கே துண்டு போடக் கத்தியை ஓங்கினான். தடுத்து, முள்ளோடு வேண்டாம், சதையை மட்டும் நீளமாக எடுத்துத் தா என்றேன். புரியவில்லை. கருவாட்டுக்குக் கீறுவதுபோல், ஆனால் நடுமுள்ளை விட்டு முழுதாகக் கழற்றி, என்றதும் கத்தியைத் தாழ்த்திவிட்டு, “இந்த மீனிலா ஐயா கருவாடு போடப் போகிறீர்கள்?” என்று கேட்டான். பக்கத்தில் இறால் விற்றுக்கொண்டிருந்த அம்மா சிரித்த சிரிப்பில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் கை தேர்ந்த பிள்ளை. செவுளுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கீறல். கத்தி முள்ளைத் தொட்டதும் அப்படியே படுக்கவைத்து, வால்வரை ஒரே இழுப்பு. சீப்பில் நகத்தை ஓட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. சதை புத்தகத்தின் அட்டைபோல் திறந்து வந்தது. மறுபுறமும் அப்படியே. தலையையும் நடுமுள்ளையும் வீசப் போனவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். சொதிக்கு அதைவிட என்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து சதையின் நடுக்கோட்டில் விரலை ஓட்டினேன். தலைப்பக்கத்துப் பாதியில் ஊசிமுனைகள்போல் வரிசையாகக் குத்தின. தபால்தலை சேர்த்த காலத்து இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். 

பிறகு உங்கள் குறிப்பின்படி 220 பாகை, 35 நிமிடம். பல்பொருள் அங்காடியில் வாங்கிய காய்ந்த பார்ஸ்லியைத் தூவினேன். போத்தலைத் திறந்தபோதே வைக்கோல் மணம். கதவைத் திறந்தால், தட்டின் ஓரத்தில் வெண்ணெய் கருகிக் கறுப்புக் கோடாக நிற்கிறது. மீனின் வெடிப்புகளிலிருந்து முட்டை வெள்ளைக்கருபோல் ஏதோ கசிந்து உறைந்திருக்கிறது. கடித்தால் பஞ்சு. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மீனை விரலால் உதிர்த்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துத் தாச்சியில் பிரட்டி, சுறாவில் செய்வதுபோல ஒரு வறையாக மாற்றிவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வறைக்கு எதற்கு வெதுப்பி, எதற்கு விளைமீன்?

நான் 31 வருடம் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவன். தாளில் கோடு இருந்தால் நிலத்தில் வேலி இருக்கும் என்று நம்பிப் பழகிவிட்டேன். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. இல்லாவிட்டால், அம்மா அடுப்படியில் நின்று சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்: குழம்பு நன்றாக வற்றிய பிறகு மீனைப் போடு, ஒரு கொதி வந்ததும் இறக்கு. ஆட்டிறைச்சியைப் பிணைத்திருக்கும் இழையம் கரைய மணித்தியாலக் கணக்காகும். மீனில் அது மிகக் குறைவு. இருப்பதும் சிறு சூட்டிலேயே இளகிவிடும். அதற்குப் பிறகு கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் தசையிலிருந்து நீரைப் பிழிந்து வெளியேற்றும் வேலையைத்தான் செய்கிறது. நான் கண்ட வெள்ளைக் கசிவு அப்படிப் பிழிந்து வந்ததே.

மகளிடம் தொலைபேசியில் முறையிட்டேன். கனடாவில் மீன்பிடித் திணைக்களம் பரப்பிய பழைய கணக்கு ஒன்று உண்டாம்: மீனை அதன் மிகத் தடித்த இடத்தில் அளந்து, ஓர் அங்குலத்துக்குப் பத்து நிமிடம், நல்ல சூட்டில், 230 பாகையளவில். அளவு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. மறுநாளே இன்னொரு விளைமீன். அந்தத் தம்பி என்னைக் கண்டதும், “கருவாட்டு ஐயா” என்று அழைத்துக் கேளாமலே கீறித் தந்தான்.

இந்த முறை அடிமட்டத்தை எடுத்தேன். முதுகுப்பக்கம் சரியாக ஓர் அங்குலம், வயிற்றுப்பக்கம் அரை அங்குலம், வால்நுனி கால் அங்குலம்கூட இல்லை. ஒரே தட்டில் மூன்று தடிப்பு இருந்தால் மூன்றும் எப்படி ஒரே நேரத்தில் வேகும்? வால்நுனியை அடியில் மடித்துவிட்டேன். துண்டுகளைத் துணியால் ஒற்றி, உப்புத் தூவிக் கால் மணித்தியாலம் வைத்து, கசிந்த நீரை மீண்டும் ஒற்றினேன். ஈரம் இருந்தால் வெண்ணெய் ஒட்டாது. எங்கள் சிறிய பெட்டிக்குள் வெண்ணெய் கருகிவிடுமோ என்ற பயத்தில் சூட்டை 200க்கு இறக்கி, நேரத்தில் மூன்று நிமிடம் கூட்டினேன். ஆக, முன்கூட்டியே சூடேற்றிய வெதுப்பியில் 13 நிமிடம். முள்ளுக்கரண்டியைத் தடித்த இடத்தில் குத்தி மெல்லத் திருப்பினேன். பளிங்குபோல் இருந்த சதை பால்வெள்ளையாகி மடல் மடலாக விலகியது. உள்ளே 63 பாகை வந்தால் மீனுக்குப் போதும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. என்னிடம் அந்த வெப்பமானி இல்லை, முள்ளுக்கரண்டியே போதுமாயிருந்தது.

இலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தைமுக்கு நான் எங்கும் அலையவில்லை. தைமின் மணத்துக்குக் காரணமான தைமோல், கார்வக்ரோல் இரண்டும் முற்றத்துக் கற்பூரவள்ளியிலும் இருக்கின்றன. உற்சாகத்தில் நான்கு இலை அரிந்து வெண்ணெயில் போட்டேன். மனைவி முகர்ந்து பார்த்து, “இருமல் மருந்து மணக்கிறது” என்றாள். உண்மைதான், எங்கள் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தபோது அதைத்தானே பிழிந்து கொடுத்தோம். அதைக் கொட்டிவிட்டு, புதிதாக இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் உருக்கி, ஒரேயொரு கற்பூரவள்ளி இலை, பொடியாக அரிந்த கறிவேப்பிலை, நசுக்கிய உள்ளி இரண்டு பல் என்று குறைத்துக்கொண்டேன். பாதியை மேலே பூசி வெதுப்பிவிட்டு, மீதியை இறக்கியதும் ஊற்றினேன். கொத்தமல்லி இலையும் இறக்கிய பிறகுதான். தேசிக்காய் என் பங்குக்கு மட்டும், அதுவும் கோப்பையில் வைத்தே. முன்கூட்டிப் பிழிந்து ஊறவிட்டால் புளிப்பே சதையை இறுக்கிவிடும். மேல்நாட்டவர்கள் மீனுக்கு விரும்பிப் போடும் ‘டில்’ நம் மருந்துக்கடைச் சதகுப்பைதான். விதையை வாங்கிச் சாடியில் தூவியிருக்கிறேன். நூல்போல் முளை தெரிகிறது.

மின்சாரக் கட்டணம் பற்றி மனைவி கேட்டாள். 1500 வாற்று வெதுப்பி, சூடேறும் நேரத்தோடு அரை மணித்தியாலத்துக்குள்; முக்கால் அலகு தாண்டாது. வெதுப்பி இல்லாதவர்கள் அகன்ற தாச்சியில் வெண்ணெயோடு மூடி, மெல்லிய தணலில் வைத்தாலும் பழுதில்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், சட்டிக்குள் மணலிட்டு மூடியின்மேல் சிரட்டைத் தணல் பரப்பிக் கேக் வெதுப்பிய கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. சொல்லுக்கும் பஞ்சமில்லை. 1619 முதல் 1658 வரை இங்கே ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுப்போன ‘போறணை’ நம் வாயில் இருக்க, உங்கள் குறிப்பு முழுவதும் ‘ஓவன்’ என்றே அச்சாகியிருக்கிறது. இது கிழவனின் முணுமுணுப்பு. இதைப் பிரசுரிக்காமல் வெட்டினாலும் கோபமில்லை.

நேரத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் வெட்டாதீர்கள். 2017இல் சட்டத்தால் தடை செய்யப்பட்ட பிறகும் தீராத, கடலடியை வாரும் இழுவைமடி வலைப் பிரச்சினை பற்றி உங்கள் முதற்பக்கமே அடிக்கடி எழுதுகிறது. சோளகக் காற்றில் கடலுக்குப் போய் வலையையும் உயிரையும் பணயம் வைத்து ஒருவர் கொண்டுவரும் விளைமீனைக் கடைசிப் பக்கம் 35 நிமிடம் எரிப்பது முறையா? பிறமொழிக் குறிப்பை எடுத்துப் போடுவதில் குற்றமில்லை. அச்சேறும் முன் உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் ஒரு தடவை சமைத்துப் பார்க்கட்டும். இப்போதைக்கு ஒரு சிறிய திருத்தம் போடுங்கள்: ஓர் அங்குலத் தடிப்புக்கு 200 பாகையில் 13 நிமிடம், மெல்லிய துண்டானால் அதிலும் குறைவு.

என் மனைவி அந்த இரண்டாம் மீனில் ஒரு துண்டு முழுவதும் சாப்பிட்டாள். கொஞ்சம் மிளகு போட்டிருக்கலாம் என்றாள். பிறகு நடுமுள்ளில் வைத்த சொதியை இடியப்பத்துக்கு ஊற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை கலவாய் கிடைக்கிறதா பாருங்கள் என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
கொழும்புத்துறை, யாழ்ப்பாணம்.