பெயர் இருந்தால் 1950 அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஃபைபர்கிளாஸ், அதாவது கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கில் செய்த பழைய நாற்காலிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடுதான் எடுத்தேன். "கவிழ்த்துப் பாருங்கள், அடியில் ஹெர்மன் மில்லர் கம்பெனியின் பெயர் பதிந்திருந்தால் அது 1950-இன் முதல் நாற்காலி" என்ற வரிக்கு வந்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாததல்ல. 1950-இல், வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் கைப்பிடி வைத்த நாற்காலியை ஹெர்மன் மில்லருக்காகச் செய்து கொடுத்தது கலிபோர்னியாவின் கார்டினாவில் இருந்த ஜெனித் பிளாஸ்டிக்ஸ் நிறுவனம். அப்போது அடியில் இருந்தது கட்டம் போட்ட காகித லேபிள். வார்ப்பு அச்சிலேயே பெயரைப் பதித்தது அப்புறம் வந்த வழக்கம். ஆக, அந்தப் பெயர் இருந்தால் அது முதல் நாற்காலி இல்லை என்றுதான் அர்த்தம்.

லேபிள் உரிந்துபோயிருக்கலாம், சரி. விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாலே போதுமே! ஆரம்ப நாற்காலிகளில் விளிம்புக்குள் கயிறு வைத்து வார்த்திருப்பார்கள். அந்தப் புடைப்பு கைக்குத் தட்டுப்படும். காலைப் பிடித்திருக்கும் ரப்பர் வட்டுகளும் பெரியவை. பின்னால் வந்தவற்றில் விளிம்பு மழமழவென்று இருக்கும், வட்டும் சிறுத்துவிடும்.

இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவன் நான். 8 வருடங்களுக்கு முன் இங்கே ஒரு பழம்பொருள் கடைக்காரர் இதே பெயரைக் காட்டி, இதே 1950-ஐச் சொல்லி 700 டாலர் வாங்கினார். வீட்டுக்கு வந்து விளிம்பைத் தடவினேன், கயிறு இல்லை. திருப்பிக் கேட்டபோது, "பெயர்தான் இருக்கிறதே" என்றார். இன்று அந்த வாதத்தை என் பத்திரிகையே அச்சில் தந்திருக்கிறது.

கட்டுரையில் கால்களை வைத்து வயது சொன்னதும் தவறு. நாலு திருகைக் கழற்றினால் கால் கையோடு வந்துவிடும். 1950-களின் காலில் 1970-களின் இருக்கையை மாட்டி விற்கிறார்கள். கட்டுரையின் படத்தில் இருப்பதோ பாலிபுரோப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த நாற்காலி. ஃபைபர்கிளாஸ் என்றால் உள்ளே வைக்கோல் தூவியதுபோல் நார் தெரிய வேண்டாமா?

2 வருடங்களுக்கு முன்பும் இந்த நாற்காலிகளைச் சார்லஸ் ஈம்ஸ் ஒருவரே வடிவமைத்ததாக எழுதினீர்கள். மனைவி ரே என்ன ஆனார் என்று கேட்டுக் கடிதம் போட்டேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. நம் இந்திய அரசுக்கு 1958-இல் இருவரும் சேர்ந்து அறிக்கை கொடுத்து, அதிலிருந்துதான் 1961-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. அந்த அறிக்கையில் ரேயின் பெயர் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் இடமில்லாமல் போனது இன்றும் மனதை உறுத்துகிறது.

23 ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழின் ஏதாவது ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: பெயரைப் பார்த்து 1950 என்று நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம், விளிம்பைத் தடவிப் பாருங்கள் என்று.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
லாங் பீச், கலிபோர்னியா.